கீழடி அருங்காட்சியகம்: அரை நாள் ஒதுக்கிப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மதுரைப் பக்கம் வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. ஆனால் ராமேஸ்வரம் போகிற வழியில் வேனை நிறுத்தி, அரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றி, வாசலில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்ற திட்டம் இருந்தால், அதை இன்னொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே இருப்பவை கீழடி மண்ணைத் தோண்டி எடுத்த, இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு பழைய பொருள்கள், பெரும்பகுதி சின்னச் சின்னவை. விரல் நுனியில் நிற்கிற பாசிமணி, உடைந்த சட்டியின் தோள்பக்கம் கீறிய நாலைந்து எழுத்து, தந்தத்தில் செய்த சீப்பு, விளையாடித் தேய்ந்த பகடைக்காய். நின்று, குனிந்து பார்த்தால்தான் அவை என்னவென்று பிடிபடும். நடந்துகொண்டே பார்த்தால் உடைந்த பானையைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு திரும்புவீர்கள், அது அந்த இடத்துக்குச் செய்கிற அநியாயம்.

இடம் மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். மதுரைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் ஊர் சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டத்தில் சேர்ந்தது. வைகையின் தென்கரை, தென்னந்தோப்பு, வயல், நடுவில் ஒரு சின்ன ஊர். அந்தச் சூழலில் இப்படி ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது, இதை மதுரை நகரத்துக்குள் கட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்குமே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு நேர் எதிராகத்தான் தோன்றியது. இந்த அருங்காட்சியகத்தின் பெரிய பலமே அது கீழடியில் இருப்பதுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது தானாக நடந்துவிடவில்லை. 1970களில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய பழைய செங்கல், சுடுமண் பொருள்களைப் பார்த்துத் தொல்லியல் ஆட்களிடம் சொன்னதில் தொடங்குகிறது கதை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தத் தென்னந்தோப்பு தென்னந்தோப்பாகவே இருந்தது. மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு வைகைக் கரையோரம் முழுக்க ஆய்வு செய்து, பள்ளிச்சந்தைத் திடல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சுமார் 110 ஏக்கர் மேட்டைத் தேர்ந்தெடுத்து, 2015-ல் தோண்டத் தொடங்கியது. பொருள்கள் வெளிவந்ததும் அவற்றை மைசூருக்குக் கொண்டுபோகிற பேச்சு வந்தது. கொண்டுபோகக் கூடாது, இங்கேயே அருங்காட்சியகம் வேண்டும் என்று வழக்கறிஞர் கனிமொழி மதி 2016-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். தடை கிடைத்தது. 2018-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டுகிறது. 2020 ஜூலையில் அடிக்கல், 2023 மார்ச் 5-ல் திறப்பு. ஒரு ஊரில் கிடைத்தது அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று மக்கள் பிடிவாதம் பிடித்ததால் வந்த கட்டடம் இது. அரங்குகளுக்குள் நுழையும் முன் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சரி, கட்டடம். சுமார் இரண்டு ஏக்கரில், 31,000 சதுர அடியில், 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. செட்டிநாட்டு வீட்டுப் பாணி. ஓட்டுக் கூரை, தூண் வரிசை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு பழைய பொருள்களுக்கு நூறு, நூற்றைம்பது ஆண்டு பழைய வீட்டுப் பாணி ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியும் இதே சிவகங்கை மாவட்டம்தான், இந்த மண்ணின் கட்டுமானம் இது, அதனால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பாணி ஆட்களை உட்கார வைக்கிறது. ஒரு அரங்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தாழ்வார நிழல், முற்றத்துக் காற்று. கண்ணாடிப் பெட்டிகளையே தொடர்ந்து பார்த்துக் களைத்துப் போவது எந்த அருங்காட்சியகத்திலும் நடப்பது, ஒரே பெரிய கூடமாகக் கட்டினால் அந்தக் களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். இங்கே கட்டடத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருப்பதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம், கூட வந்தவர்களோடு பார்த்ததைப் பற்றிப் பேசலாம். மூன்று தலைமுறை ஒன்றாக வந்து, தாத்தா பாட்டி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க, நடுத்தர வயதுக்காரர்கள் படித்துப் பார்க்க, பிள்ளைகள் தொடுதிரைப் பக்கம் ஓட, கடைசியில் எல்லோரும் முற்றத்தில் சேர்ந்துகொள்ளும்படி இருக்கிறது அந்த இடம்.

உள்ளே மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீரும், பானை வனைதல், நெசவு, அணிகலன், கடல் வணிகம், வாழ்வியல் என்று பொருள் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்டு வரிசைப்படி அடுக்காமல் தொழில் வரிசைப்படி அடுக்கியது மிக நல்ல முடிவு. சாதாரணமாக வருகிறவர் மன்னர் பெயரையும் ஆண்டையும் எதிர்பார்த்து வருவார், இங்கே மன்னர் யாரும் முன்னால் வந்து நிற்பதில்லை. குயவர், நெசவாளி, மணி கோப்பவர், மாடு வளர்ப்பவர், தெருவில் விளையாடிய பிள்ளை, இவர்கள்தான். கீழடியில் கிடைத்ததும் அதுதான், ஒரு ஊர் மக்கள் புழங்கிய பொருள்கள். மாநிலத் துறை 2018-ல் தோண்டிய நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கை வழிபாட்டுக்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. அதை வைத்து அந்தக் காலத்து மக்களுக்குச் சாமியே கிடையாது என்று தாவுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த மேட்டில் தோண்டியது இன்னும் கொஞ்சம்தான்.

பானை அரங்கில் நேரம் செலவிடுங்கள். கருப்பு சிவப்புப் பானை என்று புத்தகத்தில் படித்திருப்போம், நேரில் பார்க்கும்போது உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருகருவென்றும் வெளிப்பக்கம் நல்ல சிவப்பாகவும் ஒரே பானையில் இரண்டு நிறம் இருப்பது முகத்தில் அறைகிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உள்பக்கம் கருத்துவிடும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். பானை ஓடுகளை வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்ததில் சிவப்புக்கு ஹெமடைட் என்கிற இரும்புத் தாது, கருப்புக்குக் கரி, சூளை வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸ் அளவு என்று வந்திருக்கிறது. விறகு வைத்து அந்த வெப்பத்தைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கைப்பழக்கம் கேட்கும் வேலை என்று சூளை போடுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

எழுத்துள்ள ஓடுகளுக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த 56 ஓடுகள், அவற்றோடு குறியீடுகள் கீறிய ஓடுகள் ஆயிரத்துக்கும் மேல். ஆதன் என்று ஒன்று, குவிரன் ஆதன் என்று ஒன்று. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தாக இருக்கிறது. ஒரே எழுத்தர் உட்கார்ந்து வரிசையாக எழுதிய மாதிரித் தெரியவில்லை, பானைக்குச் சொந்தக்காரர் அவரவர் பெயரை அவரவர் கையால் கீறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியென்றால் எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தபடி நின்றுகொண்டே இருக்கலாம். இன்றைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிற வீடுகள்தான் நம் வீடுகள்.

காலக்கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழடி என்றாலே ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை நடக்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியை அமெரிக்காவில் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் பொது ஆண்டுக்கு முன் (கி.மு.) 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்த இன்னொன்று பொது ஆண்டுக்கு முன் 205. மேலே உள்ள மண் பிந்தியது, கீழே போகப் போகப் பழையது. இந்த இரண்டு எண்ணையும் ஆழத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் இருக்கிறது. முதல் இரண்டு கட்டங்களைப் பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியது, அவர் தன் முடிவுகளில் நின்றார். அந்த விவாதம் ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு பேச வேண்டியது. அருங்காட்சியகம் தன் பங்குக்குச் செய்யக்கூடியது, கரிமக் காலக்கணிப்பு எப்படி நடக்கிறது, ஒரு மாதிரியிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி விரிவாக ஒரு சுவரில் எழுதி வைப்பது. அதற்கு எத்தனை இடம் கொடுத்தாலும் தகும்.

நெசவுப் பகுதி அருமை. தக்களி, எலும்பில் செய்த கூர்முனைக் கருவி, நூலைத் தொங்கவிட்டு இழுத்துப் பிடிக்கும் கல், செம்பு ஊசி என்று நூற்பதிலிருந்து துணியாகிற வரைக்கும் ஒரு தொழிலின் பல படிகள் ஒரே இடத்தில். துணி ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை என்றாலும் துணி நெய்தார்கள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது அந்தப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது புரிகிறது. எனக்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் பிடிக்கும், முடிவை மட்டும் சொல்லாமல் முடிவுக்கு வந்த வழியையும் காட்டுகிற இடங்கள்.

விளையாட்டுப் பொருள்கள் இருக்கிற பெட்டிக்கு முன்னால் கூட்டம் கலைவதே இல்லை. வட்டமாகத் தேய்த்த சில்லுகள் கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, தந்தப் பகடை, ஆட்டக்காய்கள் எல்லாம் சேர்த்து. நான் போனபோது வயதான அம்மா ஒருவர் தன் பேத்திக்குப் பாண்டி ஆடுவது எப்படி என்று அங்கேயே காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் அவரவர் ஊரில் கட்டம் எப்படிப் போடுவார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரு பானைச் சில்லை வைத்து இவ்வளவு நேரம் பேசுவதை வேறு எந்த அருங்காட்சியகத்திலும் நான் பார்த்ததில்லை.

மற்ற அரங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேளாண்மைப் பகுதியில் எலும்புகளைக் கவனியுங்கள். புணேயில் டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்ததில் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு என்று தெரிந்தது, அதாவது ஊரின் பிழைப்பு கால்நடையோடு பின்னியிருந்தது. வணிகப் பகுதியில் மேற்கு இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகள், ரோமானியத் தொடர்பைக் காட்டும் ஓடுகள். வைகை கடலில் சேரும் பக்கம் அழகன்குளம் துறைமுகம் இருந்ததை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் பாருங்கள், ஆற்றோடு சரக்குப் போன வழி கண்ணுக்குத் தெரியும். 2021-ல் கிடைத்த வெள்ளி முத்திரை நாணயமும், 2023-ல் 175 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த வெறும் 8 கிராம் படிக எடைக்கல்லும் ஒரே ஊரில் கிடைத்தவை என்பதைச் சேர்த்து யோசித்தால் அங்கே எப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கூரை ஓடுகளையும் தவறவிடாதீர்கள். மரச்சட்டத்தோடு கட்டுவதற்குத் துளையும், மழைத்தண்ணீர் வழிவதற்கு விரல் அகலப் பள்ளமும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

தொடுதிரைகள், அசையும் படங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, அவர்களை உள்ளே இழுப்பதற்கு அது தேவைதான். என்னைப் பொறுத்தவரை அந்தப் பானை ஓடும் பாசிமணியும் போதும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை, முதலில் பொருளைக் காட்டுங்கள், இது என்னவாக இருக்கும் என்று கேளுங்கள், அப்புறம் திரைக்கு விடுங்கள். திரையை முதலில் பார்த்துவிட்டால் பொருள் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

அருங்காட்சியகத்தோடு நிறுத்திவிடாமல் அகழாய்வுத் தளத்துக்கும் போய்விட்டு வாருங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக்குள் பார்த்த பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று குழியின் சுவரைப் பார்த்தால்தான் மனதில் பதிகிறது. சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறு, செங்கல் கட்டுமானம் எல்லாம் இருக்கிற இடத்திலேயே பார்ப்பது வேறு அனுபவம். 2024-ல் பத்தாம் கட்டத்தில் சுடுமண் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திய நீர்வழி ஒன்று கிடைத்தது, 174 சென்டிமீட்டர் நீளத்துக்கு. குழிகளை அப்படியே வைத்துப் பார்வையாளருக்குக் காட்டத் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் போகும்போது எந்தக் குழி திறந்திருக்கிறது, எங்கே வேலை நடக்கிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் கடுமை, குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

பக்கத்து ஊர்களான கொந்தகை, அகரம், மணலூர் மூன்றும் இதே அகழாய்வில் சேர்ந்தவைதான். கொந்தகை இடுகாடு, முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடம். அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முக அமைப்பை மீட்டெடுத்து 2025-ல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் வாழ்ந்த ஊர், இன்னொரு பக்கம் புதைத்த இடம் என்று இரண்டும் கிட்டக்கிட்ட இருப்பதால்தான் கீழடி ஆய்வுக்கு இவ்வளவு கனம்.

இனி என் ஆசைகள். குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த இடம் இன்னும் நல்லபடியாக வர வேண்டும் என்பதால் சொல்கிறேன். முதலாவது, இந்த ஊர்க்காரர்களின் குரல் இன்னும் பெரிதாகக் கேட்க வேண்டும். தோப்பையும் காட்டையும் தோண்டக் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். குழிக்குள் இறங்கி, சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டி, சல்லடையில் சலித்து, மணியைக் கண்டெடுத்த கைகளில் பல உள்ளூர்ப் பெண்களின் கைகள். அந்த மணி வெளியே வந்த நிமிஷத்தில் என்ன நினைத்தார்கள், வீட்டில் போய் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வாயாலேயே பேசிப் பதிவு செய்து ஒரு அறை முழுக்க வைக்கலாம். அவர்களுக்கு வயதாகும் முன் இது நடக்க வேண்டும், எனக்கு இருக்கிற ஒரே அவசரம் இதில்தான்.

இரண்டாவது, அந்த முற்றத்தை ஊருக்குக் கொடுங்கள். மாதத்தில் ஒரு மாலை, பார்வையாளர் போன பிறகு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பானை வனையச் சொல்லிக்கொடுப்பது, தோண்டுகிற ஆய்வாளர்கள் இந்த வருஷம் என்ன கிடைத்தது என்று ஊர் மக்களுக்கு முதலில் சொல்வது, ஒரு கூத்து, ஒரு பாட்டு. கட்டடம் அதற்காகவே கட்டிய மாதிரி இருக்கிறது. வெளியூரிலிருந்து நாங்கள் வருவோம், போவோம். நாளைக்கு இன்னொரு தோப்பில் மண்வெட்டி படும்போது ஓடு தெரிந்தால் அதை ஒதுக்கி எறியாமல் தகவல் சொல்லப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான், முன்னாலும் அப்படித்தான் நடந்தது.

நடைமுறை விஷயங்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம். திறக்கிற நேரத்தையும் வார விடுமுறையையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களில் கூட்டம் அதிகம், வேலை நாள் காலையில் போனால் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நிற்கலாம். வயதானவர்களைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், அங்கங்கே உட்கார வைத்து மெதுவாகக் காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்து நிறையக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள், எல்லோரையும் ஒரே வரிசையில் எல்லா அரங்குகளுக்கும் ஓட்டாதீர்கள். நாலைந்து குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு அரங்கு என்று முழு நேரமும் கொடுத்து, கடைசியில் முற்றத்தில் உட்கார வைத்து, பார்த்த குழு பார்க்காத குழுவுக்குச் சொல்லட்டும். அப்புறம் மீதி நேரத்தில் அவரவர் விரும்பிய பெட்டிக்கு அவர்களே போய் நிற்பார்கள்.